மூக்கில் எடுத்து முழங்காலில் வைப்பார்களாம்: கையெழுத்துப் போடலாமா?

குசினிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாசலில் இருந்து எழுதுகிறேன். வயது 52. சுவிஸுக்கு வந்து 27 வருடம், அதில் 24 வருடம் ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றேன். நின்றேன் என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம், ஓட்டுத் தரையில், இருக்க ஒரு கதிரை இல்லாமல். மரக்கறிப் பெட்டியும் எண்ணெய்க் கானும் நிலவறையில் இருக்கும். பதினாலு படி. ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போதுதான் வலது முழங்காலுக்குள் யாரோ மணலைப் போட்டு அரைப்பது போல இருக்கும். இப்போது பக்கவாட்டாக, நண்டு மாதிரித்தான் இறங்குகிறேன். வேலைத்தலத்துப் பெடியள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். முழங்கால் சில்லுக்குப் பின்பக்கம் மெத்தை மாதிரி இருக்கும் கசியிழையம் நன்றாகத் தேய்ந்து, ஓரிடத்தில் என்பே தெரிகிறதாம். செயற்கை மூட்டு போட வயது காணாது, இப்போது போட்டால் எழுபதில் திரும்பவும் போடவேண்டி வரும் என்றார் வைத்தியர். ஊசி இரண்டு தரம் அடித்தாயிற்று. முதல் ஊசிக்கு மூன்று மாதம் சுகம், இரண்டாவதுக்கு மூன்று கிழமை.

பிறகு அவரே ஒரு கதை சொன்னார். இங்கே பல்கலைக்கழகத்தில் மூக்குக்குள் இருந்து சின்னத் துண்டு கசியிழையம் வெட்டி, அதை ஆய்வுகூடத்தில் வளர்த்து, முழங்காலுக்குள் வைத்துத் தைக்கிறார்களாம். ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுக் கடதாசி தந்தார். மகள் ஆறு பக்கம் வாசித்துச் சொன்னாள், அதற்குள் அவளுக்குச் சோதனை வந்துவிட்டது.

மூன்று விசயம் விளங்கவில்லை. இது என்னைப் போலத் தேய்ந்த முழங்காலுக்குச் சரிவருமா? எத்தனை மாதம் வேலை போகும்? மூன்றாவதைக் கேட்கச் சிரிப்பு வரும், ஆனால் எனக்கு அதுதான் முதலாவது: மூக்கில் கத்தி வைத்தால் மணம் போய்விடுமா? நான் சமையல்காரன். கறித்தூளுக்கு மல்லி வறுக்கும்போது எந்த நிமிசம் இறக்க வேண்டும் என்று மணிக்கூடு சொல்லாது, மூக்குத்தான் சொல்லும். கொரோனா வந்தபோது மூன்று கிழமை மணம் இல்லாமல் சமைத்தேன். அந்த மூன்று கிழமையை முதலாளி இன்னும் மறக்கவில்லை.

மலைக்காற்று எழுதியது:

ஐயா, முடவாட்டுக்கால் கிழங்கு கேள்விப்பட்டதுண்டா? கொல்லிமலைச் சந்தையில் கிடைக்கும். தோல் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைத்து 48 நாள் குடியுங்கள். மூக்கை அறுக்க வேண்டாம்.

குசினிக்காரன் எழுதியது:

தம்பி, கிழங்கை இங்கே சூரிச்சில்கூடக் காணக் கிடைக்காது. ஆனால் சூப் வைக்கும் முறையைக் குறித்துக்கொண்டேன்.

பஞ்சுத்தட்டு எழுதியது:

அண்ணா, வணக்கம். நான் திருச்சிக்காரி. ஜெர்மனியில் ஒரு செல் வளர்ப்புக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை. நான் டாக்டர் இல்லை. நாங்கள் வளர்ப்பதும் முழங்காலிலிருந்தே எடுக்கிற செல்களைத்தான், மூக்கை அல்ல. ஆனாலும் உங்கள் பாசல் குழுவின் கட்டுரைகளை வேலைக்காகப் படித்தே ஆக வேண்டியவள் என்பதால் எழுதுகிறேன். கசியிழையம் என்ற சொல்லை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பக்கம் குருத்தெலும்பு என்போம். அதில் எலும்பே இல்லை என்பதால் உங்கள் சொல்தான் சரி என்று படுகிறது.

முதலில் உங்கள் முதல் கேள்வி. மணம் அறிகிற நரம்பு மூக்கின் கூரையில், இரண்டு கண்களுக்கு நடுவே உள்ளே இருக்கிறது. இவர்கள் எடுப்பது இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவரிலிருந்து, 6 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு வட்டு. மிளகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுக்கிறார்கள். மல்லி வாசனை அந்தச் சுவரில் இல்லை. இரத்தக் கசிவு, சுவரில் ஓட்டை விழுவது போன்றவற்றைக் காது மூக்கு டாக்டரிடம் நேரில் கேளுங்கள், அது அவருடைய வேலை.

ஏன் மூக்கு என்று உங்கள் பெடியள் கேட்பார்கள். முழங்கால் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. அடிபட்டால் தானாக ஆறாது. சரி, அங்கிருந்தே செல் எடுத்து வளர்க்கலாம் என்று ஸ்வீடனில் கோத்தன்பர்க் குழு தொடங்கி, 1994இல் 23 பேரின் முடிவை வெளியிட்டது. எங்கள் கூடத்தின் பிழைப்பே அந்த வழியில் வந்ததுதான். அதில் இரண்டு சங்கடம். ஏற்கெனவே நோகிற முழங்காலில் இன்னொரு இடத்தைச் சுரண்ட வேண்டும். அப்புறம், வயது ஏறினால் அந்தச் செல்கள் சோம்பிவிடும். மூக்குச் செல்கள் ஐம்பது வயதுக்காரரிடமும் துறுதுறுவென்று பெருகும், தரமும் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறுவதில்லை.

கருவில் மூக்கின் செல்லும் முழங்காலின் செல்லும் வேறு வேறு படலத்திலிருந்து வந்தவை. அதனால் ஒட்டுமா என்ற சந்தேகம் இருந்தது. பாசல் குழு ஆடுகளின் முழங்காலில் வைத்துப் பார்த்தது. கொஞ்ச நாளில் மூக்குச் செல்களில் முழங்காலுக்குரிய மரபணுக்கள் விழித்துக்கொண்டன. வாக்கப்பட்ட வீட்டின் வழக்கத்துக்குப் பழகிவிட்டன என்று வையுங்கள். 2014இல் வந்த அந்தக் கட்டுரையை எங்கள் கூடத்தில் மதியச் சாப்பாட்டை மறந்து படித்தோம்.

வளர்ப்பது எப்படி என்று என் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். துண்டை நொதியில் ஊறவைத்தால் செல்கள் பிரிந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் சவ்வரிசி மாதிரி உருண்டை. தட்டின் அடியில் ஒட்டியதும் இரண்டு பக்கமும் நீண்டு சப்பையாகிவிடும். அப்போது வேகமாகப் பெருகும், ஆனால் தான் குருத்தெலும்பு என்பதையே மறந்துவிடும். முதல் இரண்டு வாரம் இப்படி. அப்புறம் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வில் நெருக்கமாக விதைத்து இன்னும் இரண்டு வாரம் வைத்தால் மறுபடி உருண்டு, தன்னைச் சுற்றிப் பசை சுரக்கத் தொடங்கும். முடிவில் வருவது 30க்கு 40 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தடிமன். தீப்பெட்டியை விடச் சின்னது. அந்த மாதிரித் துண்டு ஒன்றைப் பயிற்சி வகுப்பில் இடுக்கியால் தூக்கிப் பார்த்திருக்கிறேன். இளநீர் வழுக்கை கொஞ்சம் முற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சர்ஜன் இதைப் பள்ளத்தின் அளவுக்கு வெட்டித் தைப்பார். சவ்வு பன்றிக் கொலாஜனில் செய்தது. அது யாருக்காவது ஆகாது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இனி பெரிய கேள்வி. 2016இல் முதல் சோதனை வெளியானது, 10 பேர். ஆபத்து பெரிதாக இல்லை என்று தெரிந்தது, அதைப் பார்க்கத்தான் அந்தச் சோதனையே. 2025இல் அடுத்தது, 98 பேர், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, குரோஷியா நான்கு நாட்டிலும். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வாரம் முற்ற வைத்த துண்டு, மற்றதற்கு இரண்டே நாள் வைத்தது. இரண்டு வருடம் கழித்து 42 கேள்வி கொண்ட ஒரு தாளில் நோயாளியே மதிப்பெண் போட வேண்டும், நூற்றுக்கு. முற்றியதற்கு 85, இளசுக்கு 79. எம்ஆர்ஐயிலும் முற்றியதே மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் தாளில் எட்டு, பத்து மதிப்பெண் ஏறினால்தான் ஆளுக்கு வித்தியாசம் தெரியும் என்பது பொதுக் கணக்கு. ஆறு என்பது அதற்குக் கீழே. இரு கூட்டத்துக்கும் மூக்குச் செல்தான், சும்மா கீறித் தைத்த கூட்டம் ஒன்று கிடையாது. அது ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவில் ஹூஸ்டனில் தேய்ந்த முழங்கால் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். நிஜமாகவே உள்ளே கழுவிச் சுரண்டப்பட்டவர்கள் அவர்களை விட ஒரு படிகூட மேலே போகவில்லை. 2002இல் வந்த முடிவு. முழங்கால் வலி அப்படிப்பட்டது, நம்பிக்கையிலேயே பாதி குறையும்.

இதை விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அந்த 98 பேருக்கும் இருந்தது பெரும்பாலும் அடிபட்டு விழுந்த பள்ளம். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு. உங்களுடையது தேய்மானம். வேட்டியில் ஆணி பட்டுக் கிழிந்தால் ஒட்டுப் போடலாம், நிற்கும். வேட்டியே நைந்துபோயிருந்தால் ஒட்டு நன்றாக இருக்கும், அதைச் சுற்றிக் கிழியும். தேய்ந்த மூட்டுக்குள் அழற்சியும் ஓடிக்கொண்டிருக்கும், புதுத் துண்டையும் அது அரிக்கப் பார்க்கும். 2021இல் இதே குழு ஆய்வுகூடத்திலும் எலியிலும் செம்மறியிலும் மூக்குத் துண்டு அந்த அழற்சியைத் தாக்குப்பிடிக்கிறது என்று காட்டி, தேய்மானம் உள்ள இரண்டு பேருக்கு வைத்தது. இருவருக்கும் வலி குறைந்தது. இரண்டு பேர், அண்ணா. இரண்டு பேரை வைத்து நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதனால்தான் இப்போது சில்லுக்குப் பின்னால் தேய்ந்தவர்களிடம் பெரிதாகப் பார்க்கப் போகிறார்கள், உங்களிடம் வந்திருப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். படி இறங்கும்போது வலி என்று நீங்கள் சொன்னதே சில்லுக்காரர்களின் வலி.

ஆகவே, ஆய்வு என்பது விடை தெரிந்த வைத்தியம் இல்லை. விடை கண்டுபிடிக்க உங்கள் முழங்காலைக் கேட்கிறார்கள். தெரிந்து போனால் தப்பில்லை.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: செல் வளராவிட்டால், அல்லது கிருமிச் சோதனையில் தோற்றால் என்ன செய்வீர்கள்? நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, அனுப்ப வேண்டிய குப்பியில் பூஞ்சை. நோயாளி ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறார், ஆறு வாரம் லீவு சொல்லிவிட்டு வந்தவர். போன் செய்து சொன்னது நான்தான். மறுமுனையில் நர்ஸ் எதுவும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

இடதுகால்_பத்து எழுதியது:

அண்ணை, நான் டென்மார்க். 31 வயதில் தமிழர் கிண்ணப் போட்டி ஒன்றில் முழங்கால் போனது. மூக்கு இல்லை, தங்கச்சி சொன்ன பழைய முறை, முழங்கால் செல்தான் வளர்த்து வைத்தார்கள். இப்போது 43.

வேலைக் கணக்கை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதை ஒருவரும் வடிவாகச் சொல்லவில்லை. ஏழு கிழமை ஊன்றுகோல். காலைத் தானாக மடக்கி நீட்டும் ஒரு மெசின் வீட்டுக்குத் தந்தார்கள், ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் அதில் கிடக்க வேண்டும். மனுசி அதற்கு "மாவரைக்கிற மெசின்" என்று பெயர் வைத்தாள். நான்காம் மாதம் அலுவலகக் கதிரை வேலைக்குப் போனேன். நின்று வேலை செய்கிறவர் என்றால் அதை விடக் கூடத்தான் எடுக்கும். ஓட ஒரு வருடம். சில்லுப் பக்கம் வைத்தால் முதல் கிழமைகளில் காலை நீட்டிக்கொண்டு ஊன்றலாம், ஆனால் மடக்க விடமாட்டார்கள். பதினாலு படியை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று. சத்திரசிகிச்சை பாதி, தசை பாதி. தொடைத் தசை கரைந்து இடது தொடை வலதை விட மூன்று சென்ரிமீட்டர் சிறுத்துப்போனது. அதைத் திரும்ப ஏற்ற ஒன்றரை வருடம் போனது. போகிறவர் இப்போதே தசை ஏற்றிக்கொண்டு போங்கள்.

கோவைக்கிளி எழுதியது:

இதே சந்தேகம் எனக்கும். அம்மாவுக்கு 68, இரண்டு முழங்காலும் வளைந்துவிட்டது. இங்கே ஒரு இடத்தில் "ஸ்டெம் செல் போட்டால் குருத்தெலும்பு புதிதாக முளைக்கும், ஆபரேஷன் வேண்டாம்" என்று இரண்டு காலுக்கும் சேர்த்து மூன்று லட்சம் கேட்கிறார்கள். இன்றே முன்பணம் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடியாம். இதுவும் அந்த பாசல் முறையும் ஒன்றா?

பஞ்சுத்தட்டு எழுதியது:

இல்லைங்க, ரெண்டும் வேற வேற. செல்லுக்கு ஆடித் தள்ளுபடி கொடுக்கிற இடத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இந்தியாவில் ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே இஷ்டத்துக்குக் காசு வாங்கிப் போடக்கூடாது என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டி சொல்கிறது. முறையாக அனுமதி பெற்ற பொருள் என்றால் அது வேறு. பெங்களூரில் தயாராகும் ஸ்டெம்பியூசெல் என்ற ஊசி 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு அனுமதி வாங்கியது. அதுவும் ஊசிதான், துண்டு வைப்பது இல்லை. யாராவது "இது ஆய்வு" என்று சொன்னால், மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். எண் இல்லை என்றால் பேச்சு முடிந்தது. பதிவான ஆய்வில் மருந்துக்கு உங்களிடம் காசு கேட்கக்கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அனுமதி இருந்தாலே எல்லாம் சரி என்றும் இல்லை. கொரியாவில் இன்வோசா என்று ஒரு முழங்கால் செல் ஊசி 2017இல் அனுமதி வாங்கியது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், குருத்தெலும்புச் செல் என்று சொல்லிப் போட்டதில் ஒரு பகுதி சிறுநீரகத்திலிருந்து வந்த செல்வகை. 2019இல் அனுமதியை ரத்து செய்தார்கள். அந்த வாரம் எங்கள் கூடத்தில் ஒவ்வொரு குப்பியின் அடையாளத்தையும் மறுபடி சோதித்தோம், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும்.

68 வயது, கால் வளைந்துவிட்டது என்றால் துண்டு வைக்கும் எந்த ஆய்விலும் அம்மாவை எடுக்க மாட்டார்கள். வளைந்த காலில் பாரம் ஒரே பக்கம் விழும், புதுத் துண்டு தாங்காது. நல்ல எலும்பு டாக்டரிடம் செயற்கை மூட்டு பற்றிக் கேளுங்கள். அந்த உலோக மூட்டுக்கு 2017இல் அரசு உச்ச விலை வைத்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டு, பில்லிலும் பார்த்து வாங்குங்கள். என் பெரியம்மா இரண்டு காலுக்கும் போட்டுக்கொண்டு மலைக்கோட்டையில் மாணிக்க விநாயகர் வரை போய்விட்டு வருகிறார். உச்சிக்கு ஏற நாங்கள் விடுவதில்லை.

கோவைக்கிளி எழுதியது:

பதிவு எண் கேட்டேன். "மேடம், டாக்டரே கூப்பிடுவார்" என்றார்கள். நான்கு நாளாயிற்று. முன்பணம் கட்டவில்லை. நன்றி அக்கா.

குசினிக்காரன் எழுதியது:

மன்னிக்கவும், மூன்று கிழமை கழித்து வருகிறேன். உங்கள் பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, இதை யார் தந்தது என்று கேட்டார். திருச்சியில் இருந்து ஒரு தங்கச்சி என்றேன்.

இடுப்பில் இருந்து கணுக்கால் வரை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கால் நேராகத்தான் இருக்கிறதாம். உள்பக்கமும் லேசாகத் தேய்ந்த மாதிரி இருக்கிறது, அது எவ்வளவு என்று எம்ஆர்ஐயை இன்னொருவரும் பார்த்துச் சொன்னால்தான் என்னைச் சேர்ப்பதா என்று தெரியும். நைந்த வேட்டிக் கதையை ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்த்தேன். வேட்டி என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே ஐந்து நிமிசம் போனது, ஆனால் கடைசியில் தலையாட்டினார். செல் வளராவிட்டால் என்ன என்ற கேள்விக்கு, மூக்கில் இன்னொரு தரம் எடுக்க என்னிடம் கேட்பார்களாம், நான் இல்லை என்றால் இல்லைதானாம். எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. மகள் அதைக் கோடு போட்டுக் காட்டினாள்.

பதினாலாம் பக்கத்தில் போக்குவரத்துச் செலவு தருவதாகப் போட்டிருக்கிறது. நான் வேலைக்குப் போகாத மாதங்களுக்கு என்ன கணக்கு என்று ஒரு வரியும் இல்லை. அதைக் காப்புறுதியிடம் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன், எழுத்தில் பதில் வரும்வரை ஒன்றும் செய்வதில்லை. முதலாளியிடம் நான்கு மாதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நான்கு கிழமை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். திருத்திச் சொன்னபோது முகம் மாறியது.

எது எப்படியோ, முதலில் பன்னிரண்டு கிழமை தொடைப் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், கொஞ்சம் நிறையும் குறைக்க வேண்டுமாம். இடதுகால் தம்பி சொன்னதையே அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணும் சொன்னாள். இரண்டாம் கிழமை முடிகிறது. படியில் இன்னும் நண்டுதான், ஆனால் மணல் கொஞ்சம் நைஸாக அரைபடுவது போல இருக்கிறது. சும்மா மனப்பிரமையோ தெரியாது, ஹூஸ்டன் கதையைக் கேட்டபிறகு எதையும் நம்பப் பயமாக இருக்கிறது.

போன ஞாயிறு வீட்டில் கறித்தூள் வறுத்தேன், உயரக் கதிரையில் இருந்துகொண்டு. இருந்து வறுக்கிறவனை மனுசி இப்போதுதான் முதல்தரம் பார்க்கிறாள். காது மூக்கு வைத்தியரிடம் 14ஆம் திகதி போகிறேன். ஒரு சின்னப் போத்தலில் அந்தத் தூளையும் கொண்டுபோகப் போகிறேன், அவருக்கு நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று விளங்க வேண்டுமே. கையெழுத்து இன்னும் போடவில்லை.